பல் மருத்துவமனையில் இரண்டு ஸ்மார்ட் டிவி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு பக்கம் ஒரு சிறு நகரம். அங்கே ஒரு பெண் பல் மருத்துவர் சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறார். இரண்டு டென்டல் சேர், முழுத் தாடையையும் ஒரே படமாக எடுக்கும் ஒரு ஓபிஜி எக்ஸ்ரே மெஷின், ரிசப்ஷனில் ஒரு பெண், இரண்டு உதவியாளர்கள். பல் சீரமைப்பு நிபுணர் ஒருவர் வெளியூரிலிருந்து அவ்வப்போது வந்து போவார். அந்த மருத்துவமனையின் இணையம், பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி எல்லாம் என் பொறுப்பு. ஆட்களை அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். அங்கே இருந்த டிவிகளின் கம்பெனிப் பெயர்களையும் சொல்லவில்லை.

டிவி இரண்டு. வெயிட்டிங் ஹாலில் இருந்தது 32 இன்ச், வாங்கிச் சில வருடங்கள் ஆனது. டாக்டர் அறையில் இருந்தது 43 இன்ச், புதிது. இந்த இரண்டாவது டிவியில் யாரும் படமோ பாட்டோ பார்ப்பதில்லை. டாக்டரின் லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக நோயாளியின் எக்ஸ்ரேயைப் பெரிதாகக் காட்டுவதற்கு மட்டும்தான் அது. சேரில் சாய்ந்திருப்பவர் தன் தாடை எலும்பையும், சொத்தை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டால் ரூட் கெனால் செய்யலாமா வேண்டாமா என்று அவரே கேள்வி கேட்க ஆரம்பிப்பார். டாக்டர் இந்த வழக்கத்தை மிகவும் மதிக்கிறார். எனக்கும் அது நல்ல வழக்கமாகவே பட்டது.

வந்த புகார்

கேட்டது வேகத்தைப் பற்றித்தான். டாக்டர் போனில் சொன்னார்: “வெயிட்டிங் ஹால் டிவி ரொம்பத் திணறுதுங்க. மாத்திரலாங்களா? ஸ்மார்ட் டிவியே வாங்காதீங்க, நாம பேசறதெல்லாம் கேக்குதுன்னு வேற சொல்றாங்க. சாதா டிவி இன்னும் கிடைக்குங்களா?”

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: டிவி ஏன் ஸ்லோ, அது நம்மைக் கவனிக்கிறதா, ஸ்மார்ட் இல்லாத டிவி கிடைக்குமா. மூன்றாவதற்குப் பதில் சுலபம். 32 இன்ச் வரை சாதா டிவி அங்கங்கே கிடைக்கிறது. அதற்கு மேல் கடையில் பார்ப்பதெல்லாம் ஸ்மார்ட்தான். விளம்பரப் பலகை போல் பயன்படுத்தும் வணிகத் திரைகள் இருக்கின்றன, விலை அதிகம், அவற்றிலும் பலவற்றில் இணையம் உண்டு. ஆகவே ஸ்மார்ட் டிவியை வாங்காமலே இருப்பது என்ற வழி இந்த மருத்துவமனைக்கு நடைமுறையில் திறந்திருக்கவில்லை. மற்ற இரண்டு கேள்விகளுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

வெயிட்டிங் ஹாலில் கவனித்தது

ரிசப்ஷன் பெண் முதலிலேயே சொல்லிவிட்டார்: “அண்ணா, தினமும் காலையில பிளக்கைப் புடுங்கிச் சொருகினாத்தான் வருது. இல்லன்னா லோகோவிலேயே நிக்குது.” ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் திரையில் கட்டம் நகர்வதற்குள் இன்னொரு முறை அழுத்திவிடுகிறோம், அப்புறம் இரண்டும் சேர்ந்து நகர்ந்து வேறு எங்கோ போய் நிற்கிறது. யூடியூப் திறந்து ஒரு வீடியோ ஓட ஆரம்பிப்பதற்குள் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பவும் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

காரணம் புதிரில்லை. அந்த டிவியில் 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பு. சேமிப்பில் பாதிக்கு மேல் இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. வாங்கிய நாளில் செயலிகள் சிறியவையாக இருந்தன. ஒவ்வொரு அப்டேட்டிலும் அவை பெருத்துக்கொண்டே போயின, முகப்பில் விளம்பரப் படங்களும் சேர்ந்தன, சிப் மட்டும் அதேதான். டிவியின் இயங்குதளத்துக்கு கம்பெனி அப்டேட் தருவதையும் எப்போதோ நிறுத்தியிருந்தது.

டிவித் தொழிலில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இதுதான். திரை பத்து வருடம் தாராளமாக உழைக்கும். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் நான்கைந்து வருடத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுகிறது. செயலிகளும் கைவிட்டுவிடும். 2012க்கு முந்தைய பல கருவிகளில் யூடியூப் செயலி 2015இல் நின்றுபோனது. 2019 டிசம்பரில் சாம்சங், விஜியோ கம்பெனிகளின் சில பழைய டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. அந்தத் திரைகளில் எந்தக் குறையும் இல்லை. இங்கேயும் அப்படித்தான், 32 இன்ச் திரையில் ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

டாக்டர் அறையில் கவனித்தது

இணையமே மெதுவாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரவுட்டரைத் திறந்தேன். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் டாக்டர் அறை டிவியும் இருந்தது. இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அது சும்மா இருக்கவில்லை. அதில் எந்தச் செயலியும் திறக்கப்படுவதில்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். பிறகு எதற்காக அது வெளியே பேசிக்கொண்டிருக்கிறது?

அன்று நோயாளிகள் எல்லாரும் போன பிறகு டாக்டரின் அனுமதியோடு ஒரு சோதனை செய்தோம். அந்த டிவியிலிருந்து வெளியே போகும் தகவலை மட்டும் தனியாகப் பதிவு செய்யும்படி ரவுட்டரில் அமைத்தேன். பெயர் நீக்கிய ஒரு மாதிரி எக்ஸ்ரேயை லேப்டாப்பில் திறந்து டிவியில் காட்டினோம். சீரான இடைவெளியில், கடிகாரம் வைத்தாற்போல, சின்னச் சின்னப் பொட்டலங்களாகத் தகவல் ஒரே முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த முகவரியின் பெயரிலேயே ‘ஏசிஆர்’ என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. அப்புறம் டிவியின் அமைப்புகளுக்குள் நாலைந்து படி இறங்கி, ‘பார்வைத் தகவல்’ என்ற அனுமதியை அணைத்தேன். பொட்டலங்கள் நின்றன. மறுபடி போட்டேன், மறுபடி ஆரம்பித்தன.

ஏசிஆர் என்பது திரையில் ஓடுவது என்ன என்று டிவி தானாகவே அடையாளம் காணும் நுட்பம். திரையின் படத்தை நொடிக்குப் பலமுறை கவனித்து அதன் கைரேகை போன்ற ஒரு சுருக்கக் குறியை உருவாக்கி, கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அங்கே இருக்கும் படங்கள், நிகழ்ச்சிகள், விளம்பரங்களின் கைரேகைகளோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இன்னது ஓடுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அதை வைத்து விளம்பரம் விற்கலாம். 2024இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம், மாட்ரிட்டின் மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து இதைச் சோதித்து வெளியிட்டார்கள். எல்ஜி டிவி சுமார் 15 நொடிக்கு ஒரு முறையும், சாம்சங் டிவி சுமார் நிமிடத்துக்கு ஒரு முறையும் இந்தத் தகவலை அனுப்புவதை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்தச் சோதனை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்தது. எங்கள் நிகழ்வுக்கு முக்கியமான முடிவு ஒன்று அதில் இருக்கிறது: வேறு கருவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தின்மீதும் ஏசிஆர் வேலை செய்கிறது. டிவியை வெறும் மானிட்டராக வைத்திருக்கிறோம் என்ற நிம்மதிக்கு அடிப்படை இல்லை. அனுமதியை அணைத்தால் அந்தப் போக்குவரத்து நின்றது என்பதையும் அவர்கள் கண்டார்கள். நான் பார்த்ததும் இதோடு பொருந்தியது.

இந்த அனுமதியை யார் கொடுத்தது? டாக்டருக்கு நினைவில்லை. ரிசப்ஷன் பெண்ணுக்கு நினைவிருந்தது. டிவியைச் சுவரில் மாட்ட வந்த இன்ஸ்டலேஷன் பையன் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கி, வந்த திரைகளில் எல்லாம் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்று அழுத்தி, படம் வருகிறதா என்று காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் எத்தனையோ டிவி மாட்ட வேண்டியவர் அவர். ஆனால் டாக்டரின் பெயரில், நோயாளிகளின் எக்ஸ்ரே ஓடப்போகும் ஒரு திரைக்கு, அவர்களில் யாரும் படிக்காத ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொன்னது அந்த விரல்தான். நம் ஊரில் பெரும்பாலான டிவிகளின் சம்மதம் இப்படித்தான் கொடுக்கப்படுகிறது.

தெரிந்தது எவ்வளவு

டாக்டர் நேரடியாகக் கேட்டார்: “அப்ப பேஷன்ட் பேரு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?” எக்ஸ்ரே திரையின் மேல் ஓரத்தில் நோயாளியின் பெயர், வயது, தேதி எல்லாம் இருக்கும் என்பதால் அவர் கேட்டார்.

போனதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்ட தகவல். அளவும் நேரமும் முகவரியும் எனக்குத் தெரிந்தன, உள்ளே இருப்பதை என்னால் பார்க்க முடியாது. ஏசிஆரின் அமைப்பைப் பார்த்தால், தெரிந்த நிகழ்ச்சியோடு பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கைரேகை. ஒரு தாடை எக்ஸ்ரே எந்த சீரியலோடும் பொருந்தப்போவதில்லை. நோயாளியின் பெயர் வெளியே போனது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லி அவரைப் பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. ஆனால் நோயாளியின் உடம்பைக் காட்டும் ஒரு திரையை மூன்றாவது ஆள் எந்த நேரமும் கவனிக்கும்படி விட்டு வைப்பதற்கு டாக்டருக்கு உரிமை இல்லை, அவர் சார்பில் பட்டன் அழுத்தியவருக்கு அதைவிட இல்லை. இதை டாக்டர் என்னை விட வேகமாகப் புரிந்துகொண்டார். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோயாளியின் தகவலுக்கு மருத்துவமனையைத்தான் பொறுப்பாக்குகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன.

டாக்டர் கேள்விப்பட்ட பயம் முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. அமெரிக்காவில் விஜியோ கம்பெனி 2014 பிப்ரவரி முதல் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் மக்கள் பார்ப்பதை நொடிக்கு நொடி சேகரித்து விற்றது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டன. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. 2025 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் சாம்சங், சோனி, எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து கம்பெனிகள் மீதும் இதே ஏசிஆர் தொடர்பாக வழக்குத் தொடுத்தது. பேச்சு கேட்கப்படுவது பற்றிய பயத்துக்கு இந்த டிவியில் நான் எதையும் காணவில்லை. ரிமோட்டில் மைக் பட்டனை அழுத்தினால்தான் அது கேட்கும் வகை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முடிவெடுக்க ஒரு கேள்வியை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். எந்தக் கருவியால் எதைப் பார்க்க முடியும்? டிவியின் திரைக்குள் இருக்கும் மென்பொருள், அந்தத் திரையில் வரும் எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது, கேபிள் டிவியிலிருந்து வந்தாலும் லேப்டாப்பிலிருந்து வந்தாலும். யூடியூப் போன்ற செயலிகளை ஓட்ட டிவியின் எச்டிஎம்ஐயில் வெளியே செருகும் குட்டிக் கருவிக்கு ஸ்டிக் என்று பெயர். அது, தான் ஓட்டுவதை மட்டும்தான் அறியும். அதுவும் தகவல் சேகரிக்கத்தான் செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பக்கத்து எச்டிஎம்ஐயில் என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது, மெதுவானால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு செருகலாம்.

டாக்டர் அறை டிவிக்கு முடிவு தெளிவாக இருந்தது: இணையம் வேண்டாம். பார்வைத் தகவலை அணைத்தால் போக்குவரத்து நிற்பதைக் கண்ணால் பார்த்தேனே, அது போதாதா என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்குப் போதும், இங்கே போதாது என்று சொன்னேன். அடுத்த அப்டேட்டில் ஒப்பந்தத் திரை மறுபடி வரலாம், அவசரத்தில் யாராவது ஏற்கிறேன் என்று அழுத்தலாம். அணைத்தது அணைந்துதான் இருக்கிறது என்று நம்புவதிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2013இல் பிரிட்டனில் ஒருவர் தன் எல்ஜி டிவியில் இந்த வகை சேகரிப்பை அணைத்த பிறகும் தகவல் போவதையும், யுஎஸ்பியில் இருந்த கோப்புகளின் பெயர்கள்கூட வெளியே போவதையும் கண்டுபிடித்து வெளியிட்டார். கம்பெனி பின்னர் மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தது. எக்ஸ்ரே காட்டுவதற்கு இணையம் தேவையே இல்லை என்னும்போது ஒரு அமைப்பை நம்பி உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை.

டிவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினோம். வைஃபை கேட்கும் திரையைத் தாண்டிவிட்டோம். கட்டாயமான ஒப்பந்தத்தை மட்டும் ஏற்று மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். ஆன் செய்ததும் நேராக எச்டிஎம்ஐக்குப் போகும்படி வைத்தோம். ரவுட்டரிலும் அந்த டிவியைத் தடை செய்தேன். நோயாளிகளுக்காகப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைத்திருந்த வைஃபையை மூடி, பாஸ்வேர்டு போட்டு ரிசப்ஷனில் கேட்டு வாங்கும்படி மாற்றினோம்.

வெயிட்டிங் ஹாலுக்கு முதலில் வந்த யோசனை உதவியாளர் ஒருவருடையது. ஆன்லைனில் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்று மலிவாக வருகிறது, எல்லா ஓடிடியும் இலவசம் என்றார். இதை மட்டும் நான் கறாராக மறுத்தேன். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற தீம்பொருள் வலையைப் பற்றி எச்சரித்தது இப்படிப்பட்ட பாக்ஸ்களைக் குறித்துத்தான். தொழிற்சாலையிலேயோ முதல்முறை செயலி இறக்கும்போதோ தீம்பொருள் ஏறிவிடும், அப்புறம் நம் இணைய இணைப்பை வேறு யாரோ திருட்டு வேலைக்குப் பயன்படுத்துவார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் இப்படிச் சிக்கியதாகச் சொல்லி கூகுள் அடுத்த மாதமே வழக்குத் தொடுத்தது. பில்லிங் கம்ப்யூட்டரும் நோயாளிப் பதிவேடும் இருக்கும் நெட்வொர்க்கில் அதை நுழைய விடுவது ஏசிஆரை விடப் பெரிய ஆபத்து.

புது டிவியும் வாங்கவில்லை. பழைய 32 இன்ச்சை ரீசெட் செய்து, இணையத்தைத் துண்டித்து, வெறும் திரையாக்கினோம். கேபிள் செட்டாப் பாக்ஸ் ஒரு எச்டிஎம்ஐயில், தெரிந்த கம்பெனியின் ஸ்டிக் ஒன்று இன்னொன்றில். ஸ்டிக்கைப் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து கெஸ்ட் வைஃபையில் விட்டேன்.

மூன்றாவது முடிவு வீட்டைப் பற்றியது. இதையெல்லாம் பார்த்த டாக்டர் வீட்டு டிவியின் வைஃபையையும் கழற்றிவிடச் சொன்னார். வீட்டில் அந்த டிவியை அதிகம் பார்ப்பவர் அவருடைய மாமனார். ரிமோட்டை வாயருகே பிடித்து, படத்தின் பெயரையும் பாடகர் பெயரையும் தமிழிலேயே சொல்லி, பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்பார். கண்பார்வை மங்கியதால் திரையில் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்ய அவரால் முடியாது. “தம்பி, எதையாவது பண்ணிக்க, இந்தப் பேசற பட்டனை மட்டும் எடுத்துராத” என்றார். எடுக்கவில்லை. பார்வைத் தகவலையும் விளம்பர அடையாளத்தையும் அணைத்தோம், டிவியை கெஸ்ட் வைஃபைக்கு மாற்றினோம், இணையத்தை அப்படியே விட்டோம். அவர் என்ன பாட்டுக் கேட்கிறார் என்பது அவர் விஷயம், அதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டியவரும் அவரே. நான் விளக்கினேன், அவர் சம்மதித்தார். மருத்துவமனைத் திரைக்கு அப்படிச் சம்மதம் சொல்ல யாருமில்லை.

பின்பு நடந்தது

வெயிட்டிங் ஹாலில் பிளக்கைப் பிடுங்கும் வேலை முடிந்தது. ஸ்டிக் வேகமாகத் திறக்கிறது. கரண்ட் போய் வந்தால் மட்டும் சில சமயம் வேறு எச்டிஎம்ஐயில் போய் நிற்கிறது, ரிசப்ஷன் பெண்ணே மாற்றிவிடுகிறார். டாக்டர் அறையில் டிவியைப் போட்டதும் ‘நெட்வொர்க் இணைக்கப்படவில்லை’ என்ற அறிவிப்பு சில நொடி வந்து மறையும். அதைத் தவிர எக்ஸ்ரே காட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

சில வாரம் கழித்து ரிசப்ஷன் பெண் கூப்பிட்டார்: “அண்ணா, மேடம் ரூம் டிவில மறுபடி விளம்பரம் ஓடுது.” இம்ப்ளான்ட் விற்கும் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் டெமோ காட்ட வந்திருக்கிறார். தன் போனிலிருந்து படத்தை அனுப்ப முடியவில்லை என்று, தன் ஹாட்ஸ்பாட்டிலேயே டிவியை இணைத்திருக்கிறார். டிவி அப்டேட் கேட்டது, ஒப்பந்தத் திரை வந்தது, அவர் எல்லாவற்றையும் ஏற்றுவிட்டார். நான் ரவுட்டரில் போட்ட தடை எங்கள் வைஃபைக்கு மட்டும்தான், அவருடைய ஹாட்ஸ்பாட்டை அது தொடவே இல்லை. அவர் போனதும் இணைப்பும் போய்விட்டது. முகப்பில் தங்கியிருந்த விளம்பரப் படங்கள்தான் நடந்ததைக் காட்டிக் கொடுத்தன.

மறுபடி ரீசெட் செய்தோம். இந்த முறை நெட்வொர்க் அமைப்புக்கு பின் நம்பர் பூட்டுப் போட்டேன், அது டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ரிமோட்டை டிராயருக்குள் வைத்தோம். வருகிறவர்கள் போனில் காட்டிப் பேச வேண்டியிருக்கும் என்பதும் நியாயமான தேவை, அதற்கு வழி வைக்காமல் பூட்டு மட்டும் போட்டால் யாராவது பூட்டைத் திறக்கத்தான் பார்ப்பார்கள். ஆகவே டைப்-சி போனை எச்டிஎம்ஐயில் இணைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை டிவியின் கீழேயே தொங்கவிட்டோம். பல் சீரமைப்பு நிபுணர் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார். அது வேலை செய்யாத போன்களும் உண்டு. அவர்கள் படத்தை டாக்டரின் லேப்டாப்புக்கு அனுப்பிவிட்டுக் காட்டுகிறார்கள்.

இனி மாற்றுவது

டாக்டர் பக்கத்து ஊரில் இரண்டாவது மருத்துவமனை திறக்கப்போகிறார். அங்கே எக்ஸ்ரே காட்ட டிவிக்குப் பதில் 32 இன்ச் கம்ப்யூட்டர் மானிட்டர் போதுமா என்று சேரில் படுத்துப் பார்த்தார். கையால் இழுத்து நோயாளிக்கு அருகே கொண்டுவரும்படி ஒரு ஸ்டாண்டில் மாட்டினால் போதும் என்று முடிவாகியிருக்கிறது. வெயிட்டிங் ஹாலுக்கு டிவிதான். விலையில் கொஞ்சம் குறைந்தாலும் 1 ஜிபி ரேம் மாடல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், எப்படியும் ஸ்டிக்தான் ஓட்டப்போகிறது என்றாலும் முகப்பாவது திணறாமல் திறக்க வேண்டும்.

இன்ஸ்டலேஷன் அன்று நான் அங்கே இருப்பேன். பையன் சுவரில் மாட்டட்டும், படம் வருகிறதா என்று செட்டாப் பாக்ஸில் காட்டட்டும். வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் இல்லை என்று சொல்ல ரிசப்ஷனுக்கு ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தத் திரைகளில் கை வைப்பது டாக்டர். எதை ஏற்றோம், எதை விட்டோம் என்று ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வைக்கிறோம், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.